பரீச்சை அன்னிக்கு ஒட்டின அவசரச் சீட்டு

சொல்றதுக்கே அருவருப்பா இருக்கு. சொல்லாம வெச்சிருந்தா வயித்துல கெடந்து புளிக்குது. கேட்டுட்டு நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.

பீளமேட்டுல ஒரு லேடீஸ் ஹாஸ்டல். வார்டன் பேரு நாச்சம்மா. சாம்பார்ல பருப்பத் தேடினா கண்ணு வலிக்கும், அந்தக் கதை இப்ப வேண்டாம். அங்க ஒரே ரூம்ல மூணு பொண்ணுங்க. மூணு பேரும் நெட்வொர்க் பரீச்சைக்குப் படிச்சவங்க. பூங்கோதைக்கு ஊரு பெருந்துறை. கம்பெனில தற்காலிக வேலை. சர்டிபிகேட் வாங்கிட்டா வேலை நிரந்தரம். வாங்கலேன்னா ஊருக்குப் போகணும். அங்க அவளுக்குப் புடிக்காத மாமன் மகனுக்குக் கட்டி வெக்கப் பந்தல்காரன்கிட்டயே பேசிட்டாங்க. பெர்னதெத் படிப்புல கெட்டி. யமுனா வாயில கெட்டி.

பரீச்சைய ரூம்லயே லேப்டாப்புல எழுதலாம். எங்கயோ ஒருத்தர் கேமரா வழியாப் பாத்துட்டே இருப்பாரு. இங்கிருந்து போற படம் நின்னுச்சுன்னா பரீச்சையும் நின்னுடும். ஹாஸ்டல் மொத்தத்துக்கும் ஒரே நெட் லைன், எல்லாரும் சேந்து இழுத்தா நெரிசல்ல படம் நின்னுடும்.

அப்பதான் பெர்னதெத் சொன்னா: "நாம படிச்ச பாடத்தையே இங்க போட்டுடலாம்டி." எது முன்னாடி போகணும், எது காத்து நிக்கணும்னு ரவுட்டருக்குச் சொல்லிக் குடுக்கிற பாடம். லைன்ல போற ஒவ்வொண்ணுக்கும் ஒரு சீட்டு ஒட்டலாமாம். அவசரச் சீட்டு இருந்தா வரிசையத் தாண்டி முதல்ல போயிடும், மத்தது ஓரமா நிக்கும்.

அந்த ஹாஸ்டல்ல காலைல குளிக்க வரிசையா வாளி வெப்பாங்க. சீக்கிரம் பஸ் புடிக்கிறவ வாளில செவப்பு ரிப்பன் கட்டிக்கலாம், அவளுக்கு முதல்ல விடணும்னு பேசி வெச்சாங்க. ஒரு வாரம் போகல, எல்லா வாளிலயும் செவப்பு ரிப்பன்! லீவு போட்டுட்டுத் தூங்கறவ வாளில கூட. ஒருத்திக்காவது வெக்கம் இருந்துச்சா? சரி, கதைக்கு வரேன்.

நாச்சம்மாகிட்டக் கேட்டுட்டு, பெர்னதெத் தன் ரவுட்டர லைன்ல மாட்டினா. பூங்கோதையோட லேப்டாப்புல இருந்து போறதுக்கு அவசரச் சீட்டு. "அவசரப் பாதை லைன்ல இவ்வளவுதான் எடுத்துக்கலாம்னு ஒரு அளவு வெக்கணும், பாடத்துல அப்படித்தான் இருக்கு"ன்னா.

பூங்கோதை கையப் புடிச்சுக்கிட்டா. "வேண்டாம்டி. நடுவுல அளவு தீந்துபோச்சுன்னா என் கதி? மொத்த லைனும் கெடைக்கட்டும்."

பெர்னதெத் ஒத்துக்கிட்டா. அடுத்தது, வாசல்லயே ஒரு சோதனை. பூங்கோதையத் தவிர வேற யாராவது அவசரச் சீட்டு ஒட்டிட்டு வந்தா, ரவுட்டர் அதக் கிழிச்சுப் போட்டுட்டு சாதா வரிசைல நிறுத்தும். அத டைப் பண்ணிட்டும் இருந்தா.

யமுனா எட்டிப் பாத்தா. "ஓஹோ, இது யாருக்கு? இந்த ஹாஸ்டல்ல சீட்டு ஒட்டத் தெரிஞ்சவ நாம மூணு பேருதான். அப்ப இது எனக்குத்தானே? ஒரே தட்டுல தின்னுட்டு என்னத் திருடிங்கறியா?"

பெர்னதெத்துக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. "சீ, அப்படியில்ல யமு"ன்னு சொல்லிட்டு அந்தச் சோதனைய அழிச்சுட்டா. பூங்கோதை அப்ப குளிக்கப் போயிருந்தா. திரும்பி வந்தவகிட்ட ரெண்டு பேரும் வாயத் தொறக்கல.

பரீச்சை அன்னிக்கு மத்த ரெண்டு பேரும் மொட்டை மாடிக்குப் போயிட்டாங்க. யமுனாவோட அண்ணனுக்கு முந்தின நாள்தான் நிச்சயதார்த்தம் முடிஞ்சிருந்துச்சு. அந்த வீடியோவ துபாய்ச் சித்திக்கு ஏத்தணும். சாதா வரிசைல ஆமையா நகந்துச்சாம். மகராசி என்ன பண்ணா? அவசரச் சீட்டு ஒட்டிட்டா. கேசரி தின்னுக்கிட்டே ஒட்டினா! சித்திக்கு வீடியோ ஜோராப் போய்ச் சேந்துச்சு. அவசரப் பாதைய அந்த வீடியோவே அடைச்சுக்கிச்சு, கீழ பூங்கோதையோட படம் நின்னுச்சு, பரீச்சையும் நின்னுச்சு.

கம்பெனில இன்னொரு தவணை தரல. நாச்சம்மா மூணு பேரையும் கூப்பிட்டு விசாரிச்சா.

யமுனா சொன்னா: "நானும் அதே பாடந்தானே படிக்கிறேன்? சீட்டு வேலை செய்யுதான்னு சோதிச்சேன். ரவுட்டர் தடுத்திருந்தா நின்னிருப்பேனே."

கேட்டீங்களா நியாயத்த!

பெர்னதெத் சொன்னா: "நான் யாரையும் கெடுக்கல. பூங்கோதை அளவு வேண்டாம்னா, வெக்கல. யமுனா சோதனை வேண்டாம்னா, எடுத்துட்டேன். எல்லாருக்கும் அனுசரிச்சேன், இது தப்பா?"

பூங்கோதை ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "மொத்த லைனும் வேணும்னு ஆசப்பட்டேனே, அதனாலயா நின்னுச்சு?"

இப்ப நீங்க சொல்லுங்க. அளவு வேண்டாம்னவளா, பொய்ச் சீட்டு ஒட்டினவளா, சோதனைய அழிச்சவளா? பூங்கோதையோட பொழப்புப் போனதுக்கு யாரு முதல்ல பதில் சொல்லணும்?

நான் சொல்றேன். பூங்கோதை மேல குத்தமில்ல. அளவு வெச்சிருந்தாலும் அந்தச் சின்னப் பாதைக்குள்ள யமுனாவோட வீடியோவும் நுழைஞ்சு அவள நசுக்கித்தான் இருக்கும். யமுனா பண்ணது ஈனத்தனம், அதுல ரெண்டு பேச்சில்ல. ஆனா ஈனத்தனம் பண்றவங்க இருப்பாங்கன்னுதான் வாசல்ல சோதனையே வெக்கிறது. அது பெர்னதெத்துக்குத் தெரியும், பாடத்துல படிச்சவ, பாதி டைப்பும் பண்ணிட்டா. ஒருத்தி மொறச்சுப் பாத்ததுக்கு அழிச்சுட்டு, அழிச்சேன்னு பூங்கோதைகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு வேற எங்கயாவது போய் எழுதியிருப்பா. அதனால முதல் பதில் பெர்னதெத்தோடது. யமுனாகிட்ட நல்லவன்னு பேரு வாங்கறதுக்கு, பூங்கோதைய மாமன் மகனுக்குக் கட்டிக் குடுத்துட்டு வந்திருக்கா. இதுக்குப் பேரு அனுசரிப்பாம். தூ!