நீர்நாய் கொண்டுவந்த பொங்கல் சீர்

ஆறு ஓடும் ஒரு காட்டில், ஒரு முயல் தன் இரண்டு குட்டிகளோடு வளையில் வசித்தது. அதே ஆற்றங்கரையில் ஒரு நீர்நாயும் குடும்பத்தோடு இருந்தது. வெள்ளம் அடித்துச் சென்ற முயலை நீர்நாய் முதுகில் ஏற்றிக் கரை சேர்த்த நாளிலிருந்து இரண்டும் அண்ணன், தங்கை.

அண்ணன் என்றால் தங்கைக்குப் பொங்கல் சீர் கொண்டுபோக வேண்டுமே! நீர்நாய் ஓலைத்தட்டு நிறைய மீன் கொண்டுவந்தது.

முயல் மீன் தின்னாது. ஆனாலும் உயிரைக் காப்பாற்றிய அண்ணன் மனம் நோகலாமா?

"ஐயோ அண்ணே, மீனா! மீனுன்னா எனக்கு உயிராச்சே!" என்றது.

"இது தெரியாமப் போச்சே தங்கச்சி! இனிமே வாரா வாரம் கொண்டாறேன்."

வந்த தட்டை வெறும் தட்டாகத் திருப்பக் கூடாதல்லவா? முயல் அதில் அருகம்புல்லைக் குவித்துக் கொடுத்தது.

நீர்நாய் புல்லைப் பார்த்தது.

"எங்க வீட்டுல புல்லுக்குத்தான் அடிதடியே நடக்கும்மா" என்றது.

"அப்ப இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோங்க அண்ணே."

வாரா வாரம் மீன் வந்தது. வாரா வாரம் புல் போனது. மீனை வெளியே எறிந்தால் அண்ணன் கண்ணில் படும் என்று முயல் அதை வளையின் மூலையிலேயே அடுக்கி வைத்தது. குட்டிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தூங்கப் பழகின.

ஒரு நாள் காலை, வளையின் வாசலில் ஒரு நரி மூக்கை நீட்டியது.

"மீன் வாசனைக்குத்தான் வந்தேன். முயலும் இருக்கா? நல்லதாப் போச்சு."

"கடவுளே!" என்று முயல் குட்டிகளைத் தள்ளிக்கொண்டு பின்வழியாக ஓடியது. நேரே அண்ணன் வீடு.

அங்கே அண்ணனும் அண்ணியும் பனியில் வெளியே உட்கார்ந்திருந்தன.

"அண்ணே, நரி வந்திருச்சு! பிள்ளைங்களை உள்ளே விடுங்க!"

"உள்ளே இடமில்லையேம்மா."

முயல் எட்டிப் பார்த்தது. தரையிலிருந்து கூரை வரை அருகம்புல்.

அண்ணி பெருமூச்சு விட்டது. "நாத்தனாரே, கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டுல யாரும் புல் திங்கறதில்லை."

"எங்க வீட்டுலயும் யாரும் மீன் திங்கறதில்லை அண்ணி."

"அப்ப நான் கொடுத்த மீனெல்லாம்?" என்றது அண்ணன்.

"இப்ப நரி தின்னுக்கிட்டிருக்கு."

அதற்குள் குட்டிகள் இரண்டும் புல்லைத் தின்றே உள்ளே போக வழி செய்துவிட்டன. எல்லாம் உள்ளே நுழைந்துகொண்டன. வயிறு நிறைய மீன் தின்ற நரி அந்தப் பக்கம் வரவே இல்லை.

அடுத்த பொங்கலுக்கு அண்ணன் தட்டில் புல் கொண்டுவந்தது. தங்கை அதே தட்டில் ஒரு வழவழப்பான கூழாங்கல்லை வைத்துத் திருப்பிக் கொடுத்தது.

நீர்நாய் கல்லை உருட்டி உருட்டிப் பார்த்தது.

"இதைத் தின்ன முடியாது தங்கச்சி. ஆனா என்னை நினைச்சுத் தேடி எடுத்தியே, அது சந்தோஷம்" என்றது.

நீதி: கொடுத்த பொருள் பிடிக்காவிட்டாலும் கொடுத்த அன்புக்கு மனதார நன்றி சொல்ல வேண்டும், அதற்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை.