கருடன் கூடும் வாய் நிறையத் தண்ணீரும்

இப்படி வந்து உட்காருங்கள், சொல்கிறேன். பொருநை ஆற்றில் கோடையிலும் கரை தொட்டுத் தண்ணீர் ஓடிய காலம் அது. அந்த நாட்டைச் செண்பகவல்லி என்றொரு ராணி ஆண்டுவந்தாள். நீதி தவறாதவள்தான், பொறுமைதான் கொஞ்சம் மட்டு.

ஆற்றோரத்து மருத மரத்தின் உச்சியில், வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்புமாக ஒரு ஜோடி கருடன் கூடு கட்டியிருந்தது. கூட்டில் ஒரே ஒரு குஞ்சு. அதற்கு இரை ஊட்டுவதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும் என்று ராணிக்கு ஆசை. ராணி தனியாகப் போக முடியுமா? பரிவாரமும் பின்னாலேயே புறப்பட்டது. அங்கேதான் வந்தது வினை. கருடனைக் கண்டால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா?

முதலில் தகப்பன் மீனோடு வந்தது. மந்திரி திருவேங்கடநாதர், "கிருஷ்ணா! கிருஷ்ணா!" என்று இரண்டு கன்னத்திலும் பளார் பளாரென்று போட்டுக்கொண்டார். கருடன் மிரண்டு பறந்தது. உச்சியில் குஞ்சு கத்தியது.

அடுத்துத் தாய் வந்தது. மரியாதை குறையக் கூடாதென்று தளபதி வீரபாகு முரசை அறையச் சொன்னார். மீன் ஆற்றில் விழுந்தது, கருடன் அக்கரைக்குப் போயிற்று. குஞ்சு இன்னும் பலமாகக் கத்தியது.

மூன்றாம் முறை இரண்டும் சேர்ந்தே வந்தன. அனந்த பட்டர் மணியடித்துக் கற்பூரம் ஏற்றினார். இரண்டும் ஓடியே போய்விட்டன. குஞ்சு இப்போது கத்தவில்லை. கூட்டின் விளிம்பில் தலையைச் சாய்த்துக் கிடந்தது.

ராணிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "அட ராமா! அதுங்க பிள்ளைக்குச் சோறு கொண்டு வருதுங்க. நீங்க விரட்டி விரட்டிக் கும்பிடுறீங்களே!"

"பெருமாளோட வாகனம் கண்ணெதிரே வந்தா கை சும்மா இருக்குமா, தாயே?" என்றார் மந்திரி.

"அப்போ எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

பட்டர் பதறிப்போனார். "கருடன் கூடு சேர்றதைப் பார்க்காம எழுந்தா ஊருக்கே ஆகாதும்மா!"

செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஒருவரும் அசையவில்லை. குஞ்சு செத்தால் அந்தப் பாவமும் தன் தலையில்தான் என்று ராணி பல்லைக் கடித்தாள். பிறகு குரலை இறக்கி, பக்தியோடு சொன்னாள்:

"சரி, முறையாவே செய்வோம். இதுக்குன்னு ஒரு விரதம் இருக்கு. வாய் நிறைய ஆத்துத் தண்ணி. ரெண்டு கையாலயும் சேர்த்துப் பிடிச்சு, தளும்பத் தளும்ப ஒரு எண்ணெய்க் கிண்ணம். ஒரு சொட்டு சிந்தினாலும் பலன் போயிடும்."

விரதம் என்று சொன்னால் போதாதா? அரண்மனையிலிருந்து எண்ணெயும் கிண்ணங்களும் வந்து இறங்கின. தண்ணீருக்கும் கிண்ணத்துக்கும் தள்ளுமுள்ளு நடந்தது. ராணி மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. விரதத்தை உண்டாக்கியவளுக்கே எதற்கு விரதம்?

கரை ஊமையாயிற்று. கருடன்கள் தயங்கித் தயங்கி வட்டமிட்டன. தகப்பன் கிளையில் அமர்ந்து காவல் காத்தது. தாய் மீனோடு கூட்டில் இறங்கியது. குஞ்சு மெல்லத் தலையைத் தூக்கி வாயைப் பிளந்தது.

"கிருஷ்ணா!" பளார்!

ராணியின் குரல்தான், ராணியின் கன்னம்தான். கருடன்கள் பறந்துவிட்டன.

உப்பிய கன்னங்களோடு எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ஒருவராலும் பேச முடியாது. மந்திரி தன் கிண்ணத்தைச் சிந்தாமல் கீழே வைத்தார். ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு ராணியிடம் நீட்டினார். அவளை இதுவரை யாரும் அப்படி ஏசியதில்லை. முகம் சிவக்க வாங்கி, வாய் நிறைய நிரப்பிக்கொண்டு, ஒரு கிண்ணத்தையும் ஏந்திக்கொண்டாள்.

நெடுநேரம் கழித்துத் தாய் திரும்பி வந்தது. மீனைக் கிழித்துத் துண்டு துண்டாக ஊட்டியது. குஞ்சு தொண்டை புடைக்க விழுங்கியது. கரையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: ஊர் வாய்க்குப் பூட்டுத் தேடுகிறவர், முதல் பூட்டைத் தம் வாய்க்குப் போட வேண்டும்.