உண்ணிக்கொக்குக்குத் தலை சிவந்த கதை

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர், எங்கள் தெருவுக்கு எருமைப்பால் ஊற்றிய தெய்வானை அக்கா. என் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்த ஐப்பசி மாதம் அது. பாலை ஊற்றிவிட்டு, மழை விடட்டும் என்று எங்கள் வாசலில் ஒதுங்கி நின்றவர், எதிர் வயலில் மாட்டின் பின்னால் நடந்த உண்ணிக்கொக்கைக் காட்டி இதைச் சொன்னார். ஆண்டவன் புண்ணியத்தில் இன்னும் மறக்காமல் இருக்கிறது.

அந்தக் காலத்தில் மாடு சொன்னால் பறவைக்குப் புரியும், பறவை பதில் சொன்னால் மாட்டுக்குப் புரியும். அப்போது ஒரு பெரிய ஏரி இருந்தது. ஏரி நடுவில் தண்ணீருக்குள்ளேயே வேர்விட்ட ஒரு கடம்ப மரம். அந்த மரம் முழுக்கக் கொக்குகள். பெரிய கொக்கு, சின்னக் கொக்கு என்ற பேதம் உண்டே தவிர, நிறத்தில் பேதம் கிடையாது. எல்லாம் தலை முதல் வால் வரை வெள்ளை. பெண் குஞ்சு பிறந்தால் பெயரையும் வெள்ளையாகப் பார்த்துத்தான் வைப்பார்கள்.

அவர்களுக்கு நாட்டாமை பால்வண்ணம். அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். மழை பிடிப்பதற்கு முன்னால், கூடு கட்டக் கிளை வேண்டும் என்கிற கொக்குகள் எல்லாம் ஆழமில்லாத தண்ணீரில் வரிசையாக ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். சூரியன் கிளம்பியதில் இருந்து உச்சிக்கு வரும் வரை. கழுத்து ஆடக்கூடாது. இறகில் பொட்டு அழுக்கு இருக்கக்கூடாது. அசையாமல் நிற்கிற கொக்குக்குத்தான் மீன் மாட்டும், மீன் பிடிக்கிறவள் குஞ்சுதான் பிழைக்கும், நிற்கத் தெரியாதவளுக்குக் கிளை எதற்கு என்பது அவர் கட்சி.

அந்த மரத்தில்தான் தும்பையாள் இருந்தாள். பெயர் தும்பைப்பூ மாதிரி வெள்ளை. உள்ளே இருந்தவள் வேறு. அவளுக்கு நிற்கவே வராது. ஒரு அடி எடுத்து வைத்தால் கழுத்து முன்னே போகும், இன்னொரு அடிக்குப் பின்னே வரும், ஏதோ மேளம் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. தண்ணீரைவிடப் புல்வெளிதான் அவளுக்குப் பிடிக்கும். அங்கே எருமைகள் மேயும்போது காலடியில் இருந்து வெட்டுக்கிளிகள் படபடவென்று கிளம்பும். அவற்றின் பின்னால் ஓடி ஓடிப் பிடிப்பதில் அவளுக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

முதல் வருஷம் வரிசையில் நின்றாள். ஒரு தட்டான் மூக்குக்கு நேரே பறந்தது, கழுத்து அதன் பின்னால் திரும்பியது, கிளை போயிற்று. இரண்டாம் வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிடிப்பிலேயே தலை சுற்றித் தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தாள். ஏரியே சிரித்தது. எல்லோருக்கும் மேலாக அவள் சித்தி சோழியம்மை சிரித்தாள். சோழியம்மை நின்றால் மீன்கள் அவளைக் கரையோரக் குச்சி என்று நினைத்து உரசிவிட்டுப் போகும். அப்படி ஒரு நிலை. “எங்க அக்கா முட்டைன்னு நெனச்சு எருமைக் கன்னுக்குட்டியை அடைகாத்திருக்கா” என்று மரத்துக்கே கேட்கச் சொன்னாள்.

அந்த இரண்டு மழைக்கும் தும்பையாள் அடுத்தவர் கூட்டுக்குக் குச்சி பொறுக்கிக் கொடுத்தே காலத்தைப் போக்கினாள். இது மூன்றாம் வருஷம். இதிலும் தவறினால் மரத்தை விட்டே போய்விட வேண்டும். கூடும் இல்லை, குஞ்சும் இல்லை, அம்மா பக்கத்திலும் இருக்க முடியாது.

அம்மா அவளை மடியில் போடாத குறையாகக் கெஞ்சினாள். அரை நாள்தானே, அதைக் கடந்துவிட்டால் பிறகு இஷ்டம்போல் இருந்துகொள்ளலாம் என்றாள். அதற்குத் தும்பையாள் சொன்னாள்: “அப்புறமும் நின்னுக்கிட்டேதானம்மா இருக்கணும்.”

அம்மா அவள் கழுத்து இறகைக் கோதிவிட்டாள்.

வரிசை நிற்கிற நாளும் வந்தது. விடிவதற்கு முன் பெய்த முதல் தூறலில் பூமி குளிர்ந்து மணத்தது. மனசு கேட்காமல் தும்பையாள் புல்வெளிக்குப் பறந்தாள். அவளுக்குப் பழக்கமான கிழட்டு எருமை சேத்தாயி கரையோரம் ஒரு பவழமல்லி மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. மரம் இரவெல்லாம் உதிர்த்த பூ பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. இதழ் வெள்ளை, காம்பு மட்டும் பவழச் சிவப்பு. சேத்தாயி ஓரடி நகர்ந்தது. மிதிபட்ட பூவெல்லாம் நசுங்கி, ஈரத்தில் நிறம் விட்டது. எருமையின் குளம்பு, அந்தக் கறுத்த குளம்பு, விடியல் சூரியன் நிறத்தில் இருந்தது.

தும்பையாள் குனிந்து அந்தக் குளம்பையே பார்த்தாள். ஓடினால் தனக்குள்ளே ஒரு சூடு பரவுமே, வெட்டுக்கிளி கிளம்பும்போது கழுத்தில் ஒன்று ஜிவ்வென்று ஏறுமே, அதற்கு ஒரு நிறம் உண்டென்றால் இதுதான் என்று தோன்றியது. இத்தனை நாள் அது வெளியே தெரியாமல் இருந்ததே தப்பு என்றும் தோன்றியது.

“பெரியம்மா, அந்தக் காலைக் கொஞ்சம் இரவல் குடுக்கிறீங்களா?” என்றாள்.

பக்கத்தில் பாறையில் ஒரு குழி, அதில் மழைத்தண்ணீர். தும்பையாள் அலகாலும் காலாலும் பூவை அள்ளி அள்ளிப் போட்டாள். அலகால் காம்பைக் கசக்கினாள், காலால் மிதித்தாள். சேத்தாயி ஆடி அசைந்து வந்து குழிக்குள் ஒரு காலை விட்டுத் துவைத்தது. தண்ணீர் மஞ்சளாகி, மஞ்சள் கனிந்து காவியாகி, சூரியக் கதிர் பட்டதும் தகதகவென்றது.

சேத்தாயிக்கு மட்டும் கவலை. இது சேறு இல்லை, கழுவினால் போகாது, மரத்துக்காரர்கள் உன்னைச் சும்மா விடமாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தது. நிறம் போகக்கூடாது என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன் என்றாள் தும்பையாள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். தலையை முக்கினாள், கழுத்தை முக்கினாள், மார்பை முக்கினாள். மல்லாந்து முதுகையும் ஒரு புரட்டுப் புரட்டினாள். பறக்க வேண்டுமே என்று இறக்கையை மட்டும் நனைக்காமல் தூக்கிக்கொண்டாள்.

எழுந்து உதறினாள். தலை இறகு சிலிர்த்துக்கொண்டு நின்றது. கசக்கின அலகும் மிதித்த காலும்கூடச் சிவந்திருந்தன. சேத்தாயி அசைபோடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. “இப்பதான்டி நீ வந்திருக்கே” என்றது. “இத்தனை நாளா எவளோ வந்துட்டுப் போனா.”

ஏரியில் வரிசை நின்றுவிட்டது. எல்லோரும் ஒற்றைக் காலில். பால்வண்ணம் நீள நடந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வருகிறார். அந்த நேரம் பார்த்துத் தும்பையாள் கரையில் இறங்கி, தலை ஆட ஆட, நடந்து வருகிறாள். பின்னால் அசைந்து அசைந்து சேத்தாயி.

வரிசைக்கு என்ன பாடு என்று நினைத்துப் பாருங்கள். திரும்பிப் பார்த்தால் கிளை போய்விடும். பார்க்காவிட்டால் உயிரே போய்விடும் போலிருக்கிறது. கண்ணை மட்டும் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார்கள். முதலில் ஒரு கழுத்து திரும்பியது. பக்கத்தில் இன்னொன்று. சரசரவென்று பாதி வரிசை திரும்பிவிட்டது.

பால்வண்ணம் இது எந்த ஊர்ப் பறவை என்று கேட்டார். பவழமல்லிக் குழியில் முங்கி வந்த தும்பையாள்தான் என்று தெரிந்ததும், போய் முழுகிவிட்டு வந்து நில் என்று அதட்டினார். அவள் முழுகப் போகவில்லை. நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டாள்:

“மாமா, ரெண்டு வருஷமா என்னை வெள்ளையா நிக்க வெச்சுப் பார்த்தீங்க. அது நான் இல்ல. நான் நடக்கிறவ. ஆடுறவ. இப்படியே இருக்கிறதுக்கு ஒரு கிளை தருவீங்களா?”

தலை ஆடினால் மீன் ஓடிவிடும், உன் குஞ்சுக்கு எதைக் கொடுப்பாய் என்று அவர் கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். தும்பையாள் திரும்பினாள். சேத்தாயியைப் பார்த்தாள். எருமை புல்லில் நாலு அடி வைத்தது. வெட்டுக்கிளிகள் கிளம்பின. அவள் அந்தப் பக்கம் ஒரு பாய்ச்சல், இந்தப் பக்கம் ஒரு பாய்ச்சல். வெயிலில் அவள் தலை தீபம் மாதிரி ஓடியது. மூச்சு வாங்க வந்து ஒரு அலகு நிறைய வெட்டுக்கிளியை நாட்டாமை காலடியில் போட்டாள். அவ்வளவு நேரத்தில் வரிசையில் யாரும் ஒரு மீன்கூடப் பிடித்திருக்கவில்லை.

அம்மா வரிசையை விட்டு இறங்கி வந்தாள். மகளைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். திட்டப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் அலகால் மகளுடைய பிடரியைத் தொட்டு, “இங்க ஒரு எடம் விட்டுப்போச்சு பாரு. வா, நான் பூசி விடுறேன்” என்றாள்.

தும்பையாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் தண்ணீரில் சளக்கென்று ஒரு சத்தம். தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டவள் வேறு யாரும் இல்லை, சோழியம்மை. குச்சி மாதிரி நிற்பாளே, அவள்தான். தலையைக் குனிந்தபடி வந்தாள்.

“எனக்கும் கழுத்து ஆடும்டி. சின்னதுல இருந்து அலகைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன். உன்னைப் பார்த்தா எனக்கு அதான் ஆத்திரம்.” பாறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். “அந்தக் குழியில தண்ணி மிச்சம் இருக்கா?”

அவ்வளவுதான். இங்கே ஒரு கால் இறங்கியது, அங்கே ஒரு கால் இறங்கியது. தனக்கு மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொருவரும் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். பாதி வரிசை பவழமல்லி மரத்தடிக்குப் பறந்தது. ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, முங்கி, உதறி, ஒருவர் தலையைப் பார்த்து ஒருவர் சிரித்து, அந்தக் கரை கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. கலங்காமல் நின்ற மிச்சக் கொக்குகளுக்கு நிற்பதுதான் சந்தோஷம். அவர்கள் வெள்ளையாகவே நின்றார்கள்.

பால்வண்ணம் மரத்தைப் பார்த்தார். பாதிப் பேரைத் துரத்தினால் பாதி மரம் காலி. காலிக் கிளையில் காக்கை வந்து உட்காரும், முட்டை ஒன்று மிஞ்சாது. காலடியில் கிடந்த வெட்டுக்கிளிகளையும் பார்த்தார். கீழ்க்கிளை எல்லாம் உங்களுக்கு, ஆனால் நிற்கிறவர்களின் மீனைக் கலைக்கக்கூடாது என்றார். மீன் யாருக்கு மாமா வேண்டும் என்று தும்பையாள் குச்சி பொறுக்கப் பறந்துவிட்டாள். அந்த முறை தன் கூட்டுக்கு.

அவள் குஞ்சுகள் வெள்ளையாகத்தான் பொரிந்தன. இதுகளுக்கும் பூசலாமா என்று சோழியம்மை கேட்டாள். வேண்டாம் சித்தி, வளரட்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று அதுகளே பார்த்துக்கொள்ளும் என்று தும்பையாள் சொல்லிவிட்டாள். பூ ஓய்ந்ததும் நிறமும் பழைய இறகோடு உதிர்ந்தது. அடுத்த மழைக்கு, பூ விழுந்த முதல் காலையில், யாரும் கூப்பிடாமலே எல்லோரும் குழிக்கு வந்துவிட்டார்கள்.

அன்று முதல்தான், மற்றக் கொக்குகள் தண்ணீரில் அசையாமல் நிற்க, உண்ணிக்கொக்கு மட்டும் மாட்டுக்குப் பின்னால் தலையை ஆட்டி ஆட்டி நடக்கிறது. கூடு கட்டுகிற காலம் வந்தால் தலையும் மார்பும் முதுகும் காவி நிறமாகி, அலகும் காலும் சிவந்து, இறக்கை மட்டும் வெள்ளையாக அதே மரத்தில் வந்து இறங்குகிறது.

மழைநாளில் சாமிக்குப் பவழமல்லி பொறுக்கப் போனீர்களானால், நாலு பூவைத் தரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.