‘எங்கே?’ என்று மட்டும் கேட்ட காட்டுப்பூனை

குழந்தைகளே, மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் அணிலும் முயலும் உடும்பும் நட்பாக இருந்தன. காட்டுக்கு அபூர்வமாக வரும் பறவைகளைத் தேடிப் பார்ப்பதில் மூன்றுக்கும் கொள்ளை ஆசை. மாலையானால் நாவல் மரத்தடியில் கூடி, அன்றைக்குக் கண்டதைச் சொல்லி மகிழும்.

ஒரு நாள் காட்டுப்பூனை ஒன்று அங்கே வந்தது. “பறவை என்றால் எனக்கும் உயிர். நானும் உங்களோடு உட்காரலாமா?” என்று பணிவாகக் கேட்டது. சேர்த்துக்கொண்டன.

அன்று வாயாடி அணில், “ஓடைக்கரைப் புதரடியில் ஆறுமணிக்குருவி வந்திருக்கிறது! முதுகெல்லாம் பச்சை, வயிற்றில் சிவப்பு!” என்று குதித்தது.

மறுநாள் முயல் பார்க்கப் போனது. புதரடியில் பச்சை இறகுகள்தான் சிதறிக் கிடந்தன.

அடுத்து ஒரு மரகதப் புறாவைப் பற்றி உடும்பு சொன்னது. அதுவும் இறகாகிப் போனது.

முயலுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. அணிலின் காதில், “நம்மில் யாரோதான் இதைச் செய்கிறார்கள். உடும்பைப் பார், அதிகம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. முட்டை குடிக்கும் இனம் வேறு!” என்றது.

அன்று மாலையே உடும்பிடம், “இனி நீ இங்கே வராதே” என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டது. உடும்பு இருவரையும் ஒருமுறை பார்த்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு தன் வளைக்குப் போய்விட்டது.

“ஐயோ, யாரைத்தான் நம்புவதோ!” என்று காட்டுப்பூனை மீசையை நக்கியது.

உடும்பு போன பிறகும் ஒரு பறவை காணாமல் போனது. இப்போது முயலுக்கு அணில் மேலும் சந்தேகம், பூனை மேலும் சந்தேகம். ஏரிக்கரைக் கோரைக்குள் மயில் உள்ளான் என்ற நீர்ப்பறவை ஒன்று கூடு கட்டி அடைகாப்பதை முயல் பார்த்திருந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது. சொன்னாலோ கூடு தப்பாது.

யோசித்து யோசித்து முயல் மரத்தடிக்கு வந்தது. “நான் இதுவரை பார்க்காத ஒரு பறவையை இன்று பார்த்தேன்” என்று மட்டும் சொல்லி நிறுத்தியது.

“என்ன நிறம்? அலகு நீளமா? எப்படிக் கத்தியது? சொல்லேன்!” என்று அணில் ஆலாய்ப் பறந்தது.

“எங்கே?” என்றது காட்டுப்பூனை.

“கழுத்தில் பொன்வளையம்…” என்று முயல் இழுத்தது.

“சரி சரி, எங்கே என்று சொல்!”

முயல் அதன் கண்களையே பார்த்தது. “மேட்டில் ஒரு பட்ட இலவமரம் இருக்கிறதே, அதன் பொந்தில்.”

“அந்தப் பொந்திலா? அங்கே கதண்டு…” என்று வாயெடுத்த அணிலின் வாலை முயல் அழுத்தி மிதித்தது. அணில் வலியில் பேச்சை விழுங்கியது.

பூனை அவசரமாக எழுந்து போனது. சிறிது நேரத்தில் மேட்டிலிருந்து ஒரு அலறல் கேட்டது. கதண்டுக் குளவிகள் கூட்டமாகத் துரத்த, வீங்கிய முகத்தோடு காட்டுப்பூனை காட்டின் எல்லையைத் தாண்டி ஓடியது. பிறகு அது அந்தப் பக்கம் வரவே இல்லை.

முயலும் அணிலும் உடும்பின் வளைக்குப் போயின.

“உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன். மன்னித்துவிடு” என்றது முயல். “ஒரு நல்ல செய்தி கொண்டுவந்திருக்கிறேன். கோரைக்குள் மயில் உள்ளான்…”

“தெரியும்,” என்றது உடும்பு. “நீ பார்ப்பதற்கு முன்பே பார்த்தேன். முட்டைகள் பொரியட்டும் என்றுதான் யாரிடமும் சொல்லவில்லை.”

முயலின் காதுகள் இரண்டும் தொங்கிப் போயின.

நீதி: கண்டதன் மகிழ்ச்சியை எல்லோருக்கும் சொல்லலாம், அது இருக்கும் இடத்தை ஆளறிந்து சொல்ல வேண்டும். ஆளை அறிய அவர் இனத்தைப் பார்க்காதே, நடத்தையைப் பார்.