ஓட்டைக் குடத்து எண்ணெய்

வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கப் போறேன். இப்போ இல்லை, பொறுங்க. அதுக்குள்ள சிரிப்பு வந்தா அடக்கிக்கங்க.

எங்க தெருவுக்குத் தண்ணி லாரி வாரத்துக்கு ஒருநாள்தான் வரும். வரிசையில ஆள் நிக்காது. உடைஞ்ச பிளாஸ்டிக் குடங்கள்தான் முந்தின நாளே இடம் பிடிச்சு நிக்கும். இந்த வாரம் ஒரு குடத்தையும் காணோம். எடுத்தவன் யாரோ, அவன்தான் மொத்தத் தெருவுக்கும் தண்ணி சுமக்கணும்னு பொம்பளைங்க தீர்ப்பே எழுதிட்டாங்க.

எடுத்தவன் நான்தான். குப்பைன்னு நினைச்சுட்டேன். வாயை மூடிட்டு இருந்தா தப்பிச்சிருப்பேன். என் வாயா மூடும்?

பால்பாண்டி அண்ணனோட பஞ்சர் கடையில செல்லக்கனி அக்கா லாரிக்காகக் காத்திருந்தாங்க. நான் பிளாஸ்டிக்ல இருந்து வண்டிக்கு ஊத்துற எண்ணெய் எடுத்த பெருமையை ஆரம்பிச்சேன். காத்துப் புகாத டின்னுல போட்டுக் காய்ச்சணும், வர்ற ஆவியைக் குழாய் வழியாக் குளிர வைக்கணும், எண்ணெய் சொட்டும். இது வரைக்கும் நிஜம். வந்தது அரை டம்ளர், போனது என் ஒரு புருவம். அதைச் சொன்னா மதிப்பாங்களா?

அண்ணன் மொபெட்ல ஒரு சொட்டு விட்டேன், அது தனியா மதுரை போயிட்டு வந்துச்சுன்னேன்.

"அதுல டயரே இல்லையேடா."

"அதான்ணே, தரையில படாமப் போச்சு."

இன்னொரு சொட்டு பக்கத்து வீட்டு ஆட்டுக்கல்லுல சிந்தி, அது தானா மாவாட்டி, தெருநாய்க்கெல்லாம் இட்லி. மிஞ்சின கரியைப் பார்த்த காக்கா, தன் கறுப்பெல்லாம் ஒரு கறுப்பான்னு கூசி வெளுத்துப் போச்சு. ஒரு பைலட் போன்ல கெஞ்சினார். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு அவர் குரல்லயே பேசிக் காட்டினேன்: "தம்பி, அடுத்த தடவை அரை ஸ்பூன் போதும், விமானம் இறங்கவே மாட்டேங்குது."

அண்ணன் தலையில அடிச்சுக்கிட்டார். அக்கா மட்டும் உம் கொட்டிட்டே இருந்தாங்க. நம்பிட்டாங்கன்னு எனக்குப் பூரிப்பு.

"இவ்வளவு எண்ணெய்க்கு அஞ்சாறு குடமாவது வேணுமே. உனக்கு ஏது அந்தச் சாமர்த்தியம்" ன்னாங்க அக்கா, சலிப்பா.

எனக்கு ரோஷம். "அஞ்சாறா? பதினேழு! உங்க பச்சைக் குடம் ஒண்ணே அரை லிட்டர் கக்குச்சு!"

அண்ணன் பம்பு அடிக்கிறதை நிறுத்தினார். தெருமுனையில லாரி ஹாரன்.

அக்கா சேலையை உதறிட்டு எழுந்தாங்க.

"தலையில சுமப்பியா, இடுப்பிலயா?"

அப்பத்தான் எனக்கு உறைச்சது.