மூலையில் இருந்த எண்

பொதிகை மலையடிவாரத்தில் ஒரு மடம். பெரிய மடம் என்று சொல்ல முடியாது. ஓட்டுக் கூரை, ஒரு மண்டபம், ஒரு கிணறு, ஆட்களைக் கூட்ட ஒரு மணி, இரவும் பகலும் அணையாத ஒரு விளக்கு, அவ்வளவுதான். அதை நடத்தியவர் வடிவம்மை. எல்லோரும் அவரை அம்மா என்றார்கள். அவரைவிடப் பதினெட்டு வயது மூத்த சீடர் குற்றாலிங்கமும் அம்மா என்றுதான் அழைத்தார்.

குற்றாலிங்கம் மின்வாரியத்தில் முப்பத்திநாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விளக்குக்கு எண்ணெய் விடுவது அவர் பொறுப்பு. எண்ணெய் எப்போதும் விளிம்பைத் தொட்டு நிற்கும், ஒரு விரற்கடை குறைய விடமாட்டார். பக்தர் ஒருவர் மடத்துக்கு லேப்டாப் வாங்கித் தந்தபோது, அதையும் அவரிடமே ஒப்படைத்தார்கள். ஊருக்கெல்லாம் கரண்டு கொடுத்த கைக்கு இது எம்மாத்திரம் என்று அவருக்கும் ஒரு நினைப்பு.

விளக்குக்கு என்ன சட்டமோ அதேதான் லேப்டாப்புக்கும். திரையின் மூலையில் எப்போது பார்த்தாலும் நூறு என்று இருக்க வேண்டும். சந்தனம் குங்குமம் வைத்து, பட்டுத் துணியில் சுற்றி, பூஜை அலமாரியில் வைத்திருந்தார். இரண்டு வருஷமாக அவர் பிளக்கைப் பிடுங்கவே இல்லை. துணியை விலக்கித் தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுடும். கரண்டு பாயும் சாமான் சுடத்தானே செய்யும் என்பார். கொஞ்ச நாளாக அதன் அடிப்பக்கம் லேசாகப் புடைத்திருந்தது. மேலே ஒரு கனத்த புத்தகத்தை வைத்து அமுக்கிவிட்டார்.

சட்டத்தை மீறியவள் ஒருத்திதான். சமையல் செய்யும் பேச்சித்தாய். அவள் மகள் மாரிக்கனி மஸ்கட்டில் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். பேச்சித்தாயிடம் பட்டன் போன்தான், அதில் முகம் பார்க்க வழியில்லை. சனிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பில் பேசிக்கொள் என்று அம்மாவே சொல்லியிருந்தார். மண்டபத்தில் ஆள் நடமாட்டம் இருக்கும் என்று கிணற்றடிக்குக் கொண்டுபோய்ப் பேசுவாள். அங்கே பிளக் கிடையாது. அவள் பேசி முடித்துத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும்போது ஐம்பதோ நாற்பதோ காட்டும். குற்றாலிங்கத்துக்கு வயிறு எரியும்.

"இப்படியா உறிஞ்சி எடுப்ப? நிறைகுடம் மாதிரி இருக்கவேண்டிய சாமான்."

"பிள்ள மொகத்தப் பாத்தா நேரம் போறது தெரியல்லய்யா."

"மூலையில நம்பர் இருக்குல்லா? அதப் பாத்துப் பேசு."

ஆடி மாதம். சாரலும் காற்றுமாக ஒரு வெள்ளிக்கிழமை. மண்டபத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் பேச்சு லேப்டாப் வழியே வெளியூர் அன்பர்களுக்கும் போய்க்கொண்டிருந்தது. எங்கோ கிளை ஒடிந்து கம்பியில் விழ, கரண்டு போனது.

குற்றாலிங்கம் எழுந்து நின்றார். "ஒண்ணும் பயமில்ல. நூறு இருக்கு."

சொல்லி வாய் மூடவில்லை, திரை இருண்டது. பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அவரைச் சுருக்கென்று குத்தியது.

"எல்லாம் பேச்சித்தாய் செஞ்ச வேல" என்றார் உரக்க. "வாராவாரம் மகள்ட்டப் பேசிப் பேசியே பேட்டரியத் தின்னு தீத்துட்டா."

நாற்பது தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. பேச்சித்தாய் மோர்ப் பானையோடு அங்கே நின்றிருந்தாள். நாற்பது பேருக்கும் மோர் ஊற்றினாள், குற்றாலிங்கத்துக்கும் ஊற்றினாள், பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் வரவில்லை. கால் வலி என்று சொல்லியனுப்பினாள்.

அம்மா அடுப்படியில் தானே உலை வைத்தார். "லேப்டாப்பத் தென்காசில கொண்டுபோய்க் காட்டிட்டு வாங்கய்யா" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை குற்றாலிங்கம் பஸ் ஏறினார். கடைக்காரர் பெயர் மைதீன் பிச்சை. அடிமூடியைக் கழற்றியவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது.

"எப்பவும் பிளக்குலயே வச்சிருந்தியளா சார்?"

"ஆமா. நூறு குறைய விடமாட்டேன்."

"துணி கிணி சுத்தி?"

"பட்டுத் துணி."

"நூறுலயே நிறுத்தி, சூட்டுலயும் வச்சா எந்தப் பேட்டரிதான் தாங்கும்? இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவுல ஏறி எறங்குனாத்தான் நாள்பட உழைக்கும். எப்பமாவது நூறு ஏத்தலாம், அங்கனயே கெடக்கக் கூடாது." அவர் குனிந்து பார்த்தார். "மேல எதும் வெயிட்டு வச்சியளோ? நல்லவேளை சார், தீப்பிடிச்சிருக்கும்."

குற்றாலிங்கம் மெல்லக் கேட்டார். "வாரத்துல ஒரு நாள் ஒருத்தங்க நாப்பது வரைக்கும் எறக்கிருவாங்க. அதனால கெட்டிருக்காதா?"

மைதீன் பிச்சை சிரித்தார். "அந்த ஒரு நாள்தான் சார் அது மூச்சு விட்டிருக்கும். அவியதான் இத இவ்வளவு நாள் ஓட்டிருக்காவ."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். முப்பத்திநாலு வருஷம் மின்சாரத்தோடு பழகியவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. என்ன வேலை பார்த்தீர்கள் என்று கடைக்காரர் கேட்டுவிடாமல் இருக்க வேண்டுமே என்று கும்பிட்டுக்கொண்டார். புதுப் பேட்டரி போட்டு, எண்பதில் தானாக நிற்கும்படி வைத்துக் கொடுத்தார் மைதீன் பிச்சை.

திரும்பி வரும் பஸ்ஸில், அம்மாவிடம் சொல்ல ஒரு பதிலை ஜோடித்துக்கொண்டார். மடத்துக்கு வந்ததும் அதை அப்படியே சொன்னார்.

"பழசாயிட்டாம்மா. அதான் போயிட்டாம்."

"சரி" என்றார் அம்மா.

இரண்டாவது கேள்வி வந்திருந்தால் சமாளித்திருப்பார். வரவில்லை. சாயங்காலம் விளக்குக்கு எண்ணெய் விடப் போனார். நினைப்பு வேறெங்கோ இருக்க, எண்ணெய் விளிம்பைத் தாண்டித் தரையில் வழிந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அடுப்படிக்குப் போய் நின்றார்.

"பொய் சொல்லிட்டேம்மா."

அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தார். குற்றாலிங்கம் கடையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பட்டுத் துணியைச் சொன்னார், புத்தகத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் தேய்ந்துகொண்டே போனது.

"பத்திரமாத்தானே வச்சிருந்தேன் அம்மா. பத்திரமா வச்சது தப்பா?"

"யாருக்காகப் பத்திரமா வச்சீங்க?"

"மடத்துக்காக."

"மடத்துல யாருக்காக?"

குற்றாலிங்கம் வாயைத் திறந்தார். ஒருவர் பெயரும் வரவில்லை.

அம்மா கையைக் கழுவிவிட்டு லேப்டாப்பை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். "மாரிக்கனிக்கு நேத்து ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு. பேச்சித்தாய் இன்னும் மொகம் பாக்கல. கொண்டு போங்க."

"சார்ஜர் எடுத்துக்கட்டுமா அம்மா?"

"வேண்டாம்."

பேச்சித்தாய் வீடு மடத்திலிருந்து நாலு தெரு தள்ளி. அவரைக் கண்டதும் பதறி எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அதைப் பார்க்கவே அவருக்குக் கூசியது.

"என் போன்லருந்து நெட்டு தாரேன். பிள்ளையப் பாரு."

மாரிக்கனி திரையில் வந்தாள். மடியில் பழந்துணியில் பொதிந்த சிவந்த முகம். கொட்டாவி விட்டது. "அம்மா, ஒன்ன மாதிரியே மூக்கும்மா" என்றாள் மாரிக்கனி.

"ஆமா, ஆமா" என்றாள் பேச்சித்தாய்.

குற்றாலிங்கம் அவளைப் பக்கவாட்டில் பார்த்தார். அவள் கண் குழந்தையின் மூக்கில் இல்லை. மூலையில் இருந்த எண்ணில் இருந்தது. எழுபத்தொன்பது. ஒரு கணம் குழந்தை, மறு கணம் எண். எழுபத்தெட்டு.

"போதும்டீ, வச்சிருதேன்" என்றாள் அவள் அவசரமாக. "எறங்குது."

மண்டபத்தில் நாற்பது பேர் திரும்பிப் பார்த்தபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் கையை நீட்டினார். திரையின் மூலையில் தன் கட்டைவிரலை வைத்து அந்த எண்ணை மறைத்தார்.

"வைக்காத. பேசு."

"ஐயா, சார்ஜு..."

"அது எறங்கட்டும். பேட்டரியக் கெடுத்தது நான்தான், பேச்சித்தாய். ஒம்மேல பழி போட்டேன். என்ன மன்னிச்சிரு." திரையில் மாரிக்கனியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளையும் பார்த்து, "மன்னிச்சிரும்மா" என்றார்.

பேச்சித்தாய் திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். "அந்தத் துணிய வெலக்கு, காதக் காட்டு" என்றாள் மகளிடம். அப்புறம் கால் விரல்களைக் காட்டச் சொன்னாள். குழந்தை அழுதது, பால் குடித்தது, தூங்கியது, திரும்ப அழுதது. குற்றாலிங்கத்தின் கை மரத்துப்போனது. விரலை எடுக்கவில்லை.

வெளிச்சம் மங்கும் நேரம் மடத்துக்குத் திரும்பினார். அம்மா விளக்கருகே சிந்தியிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டேம்மா. மன்னிப்புக் கேட்டுட்டேன்." நெஞ்சில் இருந்த பாரம் பாதி குறைந்திருந்தது. லேப்டாப்பை அலமாரியில் வைத்தார், பட்டுத் துணியைத் தேடவில்லை.

"மிச்சம் எவ்வளவு இருக்கு?"

"பாக்கல்லம்மா."

அம்மா துணியைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தார்.

"அன்னைக்கு நீங்க பழி சொன்னதக் கேட்ட நாப்பது பேர் மிச்சம் இருக்காங்க ஐயா. மணி அடிங்க."