தலைவரின் கார் காய்ந்த வெயில்

பூமி ஆடியது என்னவோ கொஞ்ச நேரம்தான். அதற்குள் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், தூணும் உத்தரமும் சேருகிற மூட்டு பிளந்து கம்பி தெரிந்தது. சங்கத் தலைவர் தணிகாசலம் அதில் பட்டி பூசி, வெள்ளையடித்து மறைத்துவிட்டார்.

அந்தத் தூணடியில்தான் காசியம்மா துணி தேய்ப்பாள். பயந்துபோய் மேசையை வெளியே இழுத்தாள்.

"நீ நகர்ந்தா எல்லாரும் பயப்படுவாங்க. அங்கேயே நின்னு தேய்க்கிறதானா தேய். இல்லன்னா இந்தப் பக்கமே வராதே" என்றார் தலைவர்.

"சரிங்க சார்."

ஞாயிற்றுக்கிழமை அங்கேயே சங்கக் கூட்டம். "வெறும் பூச்சு வெடிப்பு. காசியம்மாவே பயப்படலையே, பாருங்க" என்றார் தலைவர்.

"எனக்கென்ன சார் பயம்" என்றாள் அவள், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தபடி. "உங்க காரும் எப்பவும்போல எம்பக்கத்துல நிக்கட்டும். அன்னிக்கிலேருந்து தெருவுல வெயில்ல காயுது. பாவமா இருக்கு."

எல்லோரும் தெருவைப் பார்த்தார்கள். "சாவியைக் குடுங்க சார், நானே கொண்டாந்து விடறேன்" என்றார் மாடிவீட்டுக்காரர் ஒருவர். தலைவர் சாவியைக் கொடுக்கவில்லை.

அதன்பிறகுதான் பொறியாளர் வந்தார். உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து, உடைந்த காங்கிரீட்டைக் கொத்தியெடுத்து, புதுக் கம்பி கட்டி, மூட்டையும் தூணையும் சுற்றிப் புதுக் காங்கிரீட் போட்டார்கள். கட்டடம் பிழைத்தது. தூண் பருத்தது.

தலைவரின் கார் பழைய இடத்துக்கு வந்தபோது, தூணுக்கும் காருக்கும் நடுவே மேசை நுழையவில்லை. காரைத் தள்ளி நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இப்போது காசியம்மா தெருவில் நின்று தேய்க்கிறாள், அன்று கார் காய்ந்த அதே வெயிலில். பாவமாக இருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.